தளத்தில் பெயர் வரவில்லை என்றால் ‘இல்லை’ என்று போடலாமா?

கேள்வி: டெக்சாஸில் பிரிஸ்கோ நகரில் வசிக்கிறோம். இருவரும் எச்-1பி (தற்காலிக வேலை விசா). 2018-ல் ஒரு பெரிய கடையின் செல்ஃப் செக்கவுட்டில் என் மனைவி இரண்டு பொருளை ஸ்கேன் செய்யாமல் எடுத்துவிட்டதாகச் சொல்லி, உள்ளறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து அவமானப்படுத்தினார்கள். போலீஸ் வந்து ஒரு சைட்டேஷன் (நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் குற்றச்சாட்டுச் சீட்டு) கொடுத்தது. மதிப்பு 100 டாலருக்குக் கீழ். வக்கீல் பேச்சைக் கேட்டு ‘எதிர்த்து வாதாடவில்லை’ என்று சொல்லி, பணம் கட்டி, ஒரு வகுப்பு முடித்தோம். 90 நாளில் வழக்குத் தள்ளுபடி. “எல்லாம் அழிந்துவிட்டது” என்றார் வக்கீல். 2022-ல் சென்னையில் விசா ஸ்டாம்பிங் போனபோது டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், கைதோ தண்டனையோ உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டோம். இப்போது கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போடும் நேரம். காலின் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத் தளத்தில் மனைவியின் பெயரைத் தேடினேன், ஒன்றுமே வரவில்லை. ‘இல்லை’ என்றே போடலாமா? பதிவை அழிக்கும் எக்ஸ்பங்ஷன் மனுவை முதலில் போடச் சொல்கிறார் இன்னொரு வக்கீல். பழைய வக்கீல் தன் ஃபீஸ் 1,500 டாலரைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். கடைமேலும் அவர்மேலும் வழக்குப் போட விரும்புகிறோம்.

பதில்: கடையைப் பற்றி இரண்டு வரி போதும். சந்தேகத்தின் பேரில் நியாயமான நேரம் நிறுத்திவைத்து விசாரிக்க டெக்சாஸ் சட்டம் கடைக்காரருக்கு உரிமை தருகிறது. அது நியாயமற்ற நேரம் என்றே வைத்துக்கொண்டாலும், இத்தகைய வழக்குக்கான காலவரம்பு இரண்டு ஆண்டு. 2018-ல் நடந்ததற்கு இன்று வழியில்லை. விட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். ஐ-485 படிவம் “பதிவு இருக்கிறதா” என்று கேட்கவில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, சைட்டேஷன் கொடுக்கப்பட்டதா, குற்றம் சாட்டப்பட்டதா, பிடித்து வைக்கப்பட்டீர்களா என்று கேட்கிறது. அழிக்கப்பட்ட, முத்திரையிடப்பட்ட வழக்குகளையும் சொல்ல வேண்டும் என்பதும் படிவத்தின் விதிதான். 2018-ல் உங்கள் மனைவி கையில் சைட்டேஷன் வந்தது. ஆகவே விடை ‘ஆம்’. தளத்தில் பெயர் வருவதும் வராததும் இந்த விடையை மாற்றாது.

இருந்தும் அந்தப் பதிவை நீங்கள் தேடிப் பிடித்தே ஆக வேண்டும், ‘ஆம்’ போட்ட கையோடு ஆவணம் இணைக்க வேண்டும் என்பதால். நீங்கள் தேடிய இடமே தவறு. 100 டாலருக்குக் குறைந்த திருட்டு டெக்சாஸில் கிளாஸ் சி குற்றம், அதாவது மிகச் சிறிய வகை. 500 டாலர் வரை அபராதம், சிறை கிடையாது. இது கவுண்டி நீதிமன்றத்துக்கே போகாது. நகர போலீஸ் கொடுத்த சைட்டேஷன் என்றால் அந்த நகரத்தின் முனிசிபல் கோர்ட்டில் இருக்கும், கவுண்டியின் காவலரான ஷெரிஃப் அல்லது கான்ஸ்டபிள் கொடுத்தது என்றால் பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்ற சிறு வழக்குக் கோர்ட்டில். அதே பொருள் 100 டாலரைத் தொட்டிருந்தால் கிளாஸ் பி, கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் கோப்பு இருக்கும். பெருங்குற்றம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். கவுண்டித் தளத்தில் வெறும் பக்கம் வந்தால் அதற்கு அர்த்தம் “இந்த அலுவலகத்தில் இந்த எழுத்துக்கூட்டலில் இல்லை” என்பது மட்டுமே.

கவுண்டியையும் சரிபாருங்கள். குற்றம் நடந்த இடம்தான் கணக்கு, நீங்கள் குடியிருக்கும் இடமல்ல. பிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டியிலும் விரிந்து கிடக்கிறது. டாலஸ் நகரமும் ஒன்றுக்கு மேற்பட்ட கவுண்டியில் இருக்கிறது. கடையின் முகவரியை வைத்துக் கவுண்டியையும், சைட்டேஷனில் உள்ள போலீஸ் துறையின் பெயரை வைத்து நீதிமன்றத்தையும் முடிவு செய்யுங்கள்.

அடுத்து பெயர். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி, சொந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். ஓட்டுநர் உரிமத்தில் அது வேறு வரிசையில் இருக்கலாம். போலீஸ்காரர் உரிமத்தைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். ஆகவே தேடல் ஒன்றோடு நிற்கக் கூடாது: சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராக வைத்து ஒருமுறை, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்து ஒருமுறை, கணவர் பெயரை வைத்து ஒருமுறை, எஃப்.என்.யூ.வை முதல் பெயராக வைத்து ஒருமுறை. இனிஷியலை விரித்தும் விரிக்காமலும் பாருங்கள். சில தளங்களில் முதல் மூன்று எழுத்தும் நட்சத்திரக் குறியும் போட்டால் மீதியை அதுவே நிரப்பிக் காட்டும். பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறிப் பதிவாவதும் உண்டு. 5 ஆகஸ்ட் என்பது 8 மே ஆகிவிடும். பழைய சைட்டேஷன் எண்ணோ வழக்கு எண்ணோ கையில் இருந்தால் பெயர்த் தேடலே வேண்டாம்.

மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டிபிஎஸ்ஸின் தளத்தில் காசு கட்டித் தேடி நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. அந்தத் தொகுப்பு கிளாஸ் பி-யும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கானது. இந்த வழக்கு அதில் வராதது இயல்பு. கைரேகை எடுக்கவில்லை என்றால் எஃப்பிஐ அறிக்கையும் வெற்றாக வரலாம். 18 டாலர் கட்டி அந்த அறிக்கையை வாங்கி வையுங்கள். குடியேற்ற அதிகாரிக்கு முன்னே என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அது வெற்றாக வந்தாலும் விடை ‘ஆம்’தான்.

முனிசிபல் கோர்ட்டின் கிளார்க்கிடம் கேட்க வேண்டியவை: குற்றச்சாட்டு மனு, வாதாடவில்லை என்று கையெழுத்திட்ட தாள், நீதிபதியின் டெஃபர்டு டிஸ்பொசிஷன் ஆணை (தீர்ப்பைத் தள்ளிவைத்து, நிபந்தனையை முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு), தள்ளுபடி ஆணை, வழக்கு நடந்த வரலாற்றுப் பட்டியல். எல்லாம் முத்திரையோடு சான்றளித்த நகலாக, தலா மூன்று செட். தளத்திலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும், தனியார் பின்னணித் தேடல் தளங்கள் விற்கும் அறிக்கையையும் குடியேற்ற அதிகாரி ஏற்க மாட்டார். போலீஸ் அறிக்கைக்குத் தனியாக, டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் அந்த நகரப் போலீசிடம் எழுதுங்கள். இதே மனுவை நீதிமன்றத்துக்கு அனுப்பாதீர்கள். அந்தச் சட்டம் நீதித்துறைக்குப் பொருந்தாது, வாரங்கள்தான் வீணாகும். கோர்ட் கோப்பு காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருந்தால், “இந்தப் பெயர், இந்தப் பிறந்த தேதியில் தேடினோம், பதிவு இல்லை” என்று கிளார்க் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதமும் ஓர் ஆவணம்.

எக்ஸ்பங்ஷன் மனுவை இப்போது போடவே போடாதீர்கள். மாநிலச் சட்டத்தில் அது உண்மையிலேயே நல்ல நிவாரணம். வேலைக்கு, வாடகை வீட்டுக்கு உதவும். டெஃபர்டு டிஸ்பொசிஷனில் தள்ளுபடியான கிளாஸ் சி வழக்குக்கு அது கிடைக்கவும் கிடைக்கும். ஆனால் ஆணை வந்தபின் கோர்ட்டும் போலீசும் கோப்பை அழித்தாக வேண்டும். ஆணை இருப்பது தெரிந்தும் ஓர் அலுவலர் பழைய பதிவை வெளியே கொடுத்தால் அவர்மேலேயே கிளாஸ் பி குற்றம். ஆறு மாதம் கழித்துக் குடியேற்றத் துறை “சான்றளித்த தீர்ப்பு நகல் அனுப்பு” என்று கடிதம் போடும். கிளார்க்கிடம் போனால் தர மாட்டார், தரவும் முடியாது. குற்றம் எந்த வகுப்பு, அதிகபட்சத் தண்டனை என்ன என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மனைவியுடையது. நிரூபிக்கும் காகிதத்தை நீங்களே பணம் கொடுத்து எரித்திருப்பீர்கள். இதில் சிக்கியவர்கள் பலர், அத்தனை பேரும் நல்லெண்ணத்தோடு சிக்கியவர்கள். நகல்கள் கைக்கு வந்து, கிரீன் கார்டும் வந்த பிறகு அந்த மனுவைப் பற்றி யோசிக்கலாம். குடியுரிமை விண்ணப்பமும் இதையே கேட்கும் என்பதால் ஒரு செட் அப்போதும் பெட்டியில் இருக்க வேண்டும்.

“தள்ளுபடி ஆனதே, தண்டனை எங்கே?” என்பீர்கள். டெக்சாஸைப் பொறுத்தவரை தண்டனை இல்லைதான். குடியேற்றச் சட்டத்துக்கு 1996 முதல் தனி வரையறை. குற்றத்தை ஒப்புக்கொண்டோ, எதிர்த்து வாதாடாமலோ இருந்து, நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால் அது கன்விக்ஷன், அதாவது தண்டிக்கப்பட்டதாகவே கணக்கு. பிறகு தள்ளுபடி ஆனாலும் அப்படியே. கட்டிய பணமும் வகுப்பும் அந்தக் கணக்கில் சேரும் என்றே வைத்துத் தயாராகுங்கள்.

இதற்காகப் பதற வேண்டாம். திருட்டு ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் வரும். ஆனால் வாழ்க்கையில் அப்படி ஒன்றே ஒன்றுதான், அதன் அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாது, விதித்த சிறை ஆறு மாதத்தைத் தாண்டவில்லை என்றால் சிறு குற்ற விலக்கு உண்டு. சிறையே இல்லாத கிளாஸ் சி அதற்குள் அடங்கிவிடும். வேறு மாநிலத்திலோ வேறு நகரத்திலோ இதுபோல் இன்னொரு சைட்டேஷன் இருக்கிறதா என்று மட்டும் மனைவியிடம் தனியாக, கோபமில்லாமல் கேளுங்கள். இரண்டாவது ஒன்று இருந்தால் இந்த விலக்கு போய்விடும், நான் சொல்லும் பதிலும் மாறும்.

இந்த வழக்கு கிரீன் கார்டைத் தடுக்காது, ‘இல்லை’ என்று போடும் டிக் தடுக்கும். வேண்டுமென்றே முக்கியமான உண்மையை மறைத்தார் என்று முடிவானால் அந்தத் தடை ஆயுளுக்கும். அதற்கு ஒரு விலக்குரிமை இருக்கிறது, ஆனால் அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஆன கணவர் அல்லது பெற்றோர் கடும் இன்னலுக்கு ஆளாவார் என்று காட்ட வேண்டும். நீங்கள் எச்-1பி. ஊரில் இருக்கும் பெற்றோர் கணக்கில் இல்லை. இங்கே பிறந்த குழந்தை இருந்தாலும் அந்தக் குழந்தையின் இன்னலைச் சட்டம் தனியாக எண்ணாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்ட 2022 டிஎஸ்-160 தான் எனக்குக் கவலை. அந்தப் படிவம் கைதானது உண்டா, தண்டிக்கப்பட்டது உண்டா என்று கேட்கிறது. சைட்டேஷனை மட்டும் கொடுத்து அனுப்பினார்களா, விலங்கிட்டுக் கூட்டிப்போனார்களா என்பதைப் பொறுத்து அந்த ‘இல்லை’ எவ்வளவு தவறு என்பது மாறும். அதனால்தான் போலீஸ் அறிக்கை கட்டாயம். விலங்கு இல்லை, கூட்டிப்போகவும் இல்லை, “தள்ளுபடி, அழிந்துவிட்டது” என்று வக்கீல் சொன்னதை நம்பித்தான் எழுதினார் என்றால், வேண்டுமென்றே மறைக்கவில்லை என்று வாதிட இடமிருக்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் சிறு குற்ற விலக்கில் விசாவுக்குத் தடை இருந்திருக்காது என்பது இரண்டாவது வாதம். இரண்டையும் ஐ-485 அனுப்பும்போதே, அதிகாரி கேட்பதற்கு முன்பே எழுத்தில் வையுங்கள். அவர் கண்டுபிடித்த பிறகு திருத்துவதற்கு மதிப்பு மிகக் குறைவு.

விளக்கக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தேதி, கடை இருந்த நகரம், சைட்டேஷன் கொடுத்த போலீஸ் துறை, குற்றப் பிரிவு, நீதிமன்றம், வழக்கு எண், ஆணை, தள்ளுபடித் தேதி. கடைக்காரர் அவமானப்படுத்தியது, உள்ளறை, கண்ணீர், எதுவும் வேண்டாம். “நான் திருடவே இல்லை” என்ற வரி கண்டிப்பாக வேண்டாம். எதிர்த்து வாதாடவில்லை என்று கையெழுத்திட்ட தாள் கோப்பில் இருக்கும்போது, சத்தியப் பிரமாணம் செய்து அதற்கு முரணாகப் பேசினால் சிறிய வழக்கு பெரிதாகும். நேர்முகத்தில் உங்கள் மனைவி பேசட்டும். இடையில் நுழைந்து கடையைத் திட்டாதீர்கள்.

பழைய வக்கீலோடு சமாதானமாகப் போங்கள். 1,500 டாலரை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குப் போட்டால் இரண்டு ஆண்டுக் காலவரம்பு எப்போது தொடங்கியது என்ற சண்டையிலேயே அதைவிட அதிகம் செலவாகும். உங்களுக்கு அவரிடமிருந்து பணத்தைவிட முக்கியமாக இரண்டு பொருள் வேண்டும்: 2018 வழக்கின் முழுக் கோப்பு, “வழக்கு அழிந்துவிட்டது, குறிப்பிட வேண்டியதில்லை என்று நான் ஆலோசனை சொன்னேன்” என்ற பிரமாணப் பத்திரம். உண்மையில் அவர் சொன்ன அளவுக்குத்தான் எழுத வேண்டும், ஒரு சொல்லும் கூடக் கூடாது. கோப்பு உங்களுக்கு உரியது, கேட்டால் தர வேண்டும். பிரமாணப் பத்திரம் அவர் மனம் வைத்தால்தான், ஆகவே மிரட்டும் மின்னஞ்சல் எதையும் அனுப்பாதீர்கள். பணம் வாங்கும்போது அவர் நீட்டும் ஒப்பந்தத்தில் “இந்த விஷயத்தை எங்கும் வெளியிட மாட்டேன்” என்ற ஷரத்து இருக்கலாம். குடியேற்றத் துறைக்கும் தூதரகத்துக்கும் அது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.