பதினொரு முறை ‘புரிந்ததா?’

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஆசிரியர் பயிற்சி மாணவி. கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், இது நான்காவது வாரம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பிரதிபலிப்புக் குறிப்பு எழுதித் தரவேண்டும். ஓர் ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்ய வரவேண்டும் என்று பட்டியலிடும் தொழில்முறைத் தரநிலைகளில் அந்த வாரம் எவை நிறைவேறின, அதற்கு என்ன சான்று என்று அதில் காட்ட வேண்டும்.

போன வாரம் பின்னம் நடத்தினேன். பலகையில் 1/3, 1/4 இரண்டையும் எழுதி, எது பெரியது என்று கேட்டேன். இரண்டாம் வரிசையில் ஒரு பிள்ளை உடனே கையைத் தூக்கி, “1/4 டீச்சர், நாலுதானே பெரிசு” என்றாள். வகுப்பே சிரித்துவிட்டது. கடைசி வரிசையில் என் வழிகாட்டி ஆசிரியை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. “வேற யாரு?” என்றேன். ஒரு பையன் 1/3 என்றான். “வெரி குட்” என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்கக் கையைத் தூக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை நான் எழுதிய குறிப்பு இது: “மாணவர்களின் தவறான கருத்துகளைக் கண்டறிந்து, உடனடிப் பின்னூட்டம் அளித்து, அனைவரையும் பங்கேற்கச் செய்தேன்.” நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. இந்தத் தரநிலைகள் எல்லாம் வெறும் காகிதம்தானா? இல்லை, நான்தான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவளா? உண்மையை எழுதினால் மதிப்பெண் குறையுமே, அப்போது என்ன செய்வது?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சி ஆசிரியை

---

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வெள்ளிக்கிழமை நீங்கள் எழுதியிருக்க வேண்டிய குறிப்பைத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை என்ன சொன்னாள், வகுப்பு என்ன செய்தது, உங்கள் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது, அப்புறம் அவள் கை என்ன ஆனது எல்லாம் இதில் இருக்கிறது. மதிப்பெண் வாங்கிய குறிப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒற்றை வாக்கியத்தை எந்த நாட்டில், எந்த வகுப்பில், எந்தப் பாடம் நடத்திய யாரும் எழுதியிருக்கலாம்.

பல வருடங்கள் பயிற்சி மாணவர்களின் குறிப்புகளைப் படித்துத் திருத்துவது என் வேலையாக இருந்தது. கட்டுக்கட்டாக வரும். ‘ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்’, ‘கற்றல் விளைவு எய்தப்பட்டது’ என்றே எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு கட்டின் நடுவில் ஒரு நாள் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. ஒரு பையன் எழுதியது. “இன்று பாடத்தின்போது ‘புரிந்ததா?’ என்று பதினொரு முறை கேட்டேன். பதினொரு முறையும் ‘புரிந்தது சார்’ என்றார்கள். மாலையில் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஆறு பேருக்குப் புரியவில்லை. நாளை முதல் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன். அதற்குப் பதில் என்ன கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.” கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அதைத் திரும்பப் படித்தேன்.

மதிப்பிடுதல் பற்றிய தரநிலை எது என்று அவன் எழுதவே இல்லை. ஆனால் அந்தத் தரநிலை எதற்காக உண்டானதோ, அந்த இடத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தரநிலைகள் வெறும் காகிதம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2011-இல் வெளியான ஆசிரியர் தரநிலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 7 தரநிலைகள், அவற்றுக்குள் 37 உட்பகுதிகள். மாணவரை அறிதல், பாடத்தையும் அதைக் கற்பிக்கும் விதத்தையும் அறிதல், பாதுகாப்பான கற்றல் சூழலை உண்டாக்குதல், மதிப்பிட்டுப் பின்னூட்டம் தருதல் என்று போகும். ஒவ்வொன்றும் நான்கு படிநிலைகளில் எழுதப்பட்டிருக்கிறது. பயிற்சியை முடித்து வெளியே வருபவருக்கு உரிய முதல் படியில் பெரும்பாலும் கேட்பது ‘அறிவும் புரிதலும் உண்டு என்று காட்டுக’ என்பதுதான். மற்ற ஆசிரியர்களை வழிநடத்தும் அளவு கைதேர்ந்தவருக்கு நான்காவது படி. உங்களைப் போன்றவர்கள் நான்காவது வாரத்திலேயே நான்காவது படியோடு தங்களை அளந்து பார்த்து ‘லாயக்கில்லை’ என்று முடிவு கட்டுகிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் தரநிலைகளிலும் தொடக்க நிலைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

கோளாறு அவற்றை நாம் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. தரநிலையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமாக வகுப்பில் என்ன நடந்தது என்று தேடினால் உங்கள் வெள்ளிக்கிழமை வாக்கியம்தான் வரும். நடந்ததை முதலில் எழுதிவிட்டு அப்புறம் தரநிலைகளைத் திறந்தால், அதே பட்டியல் உங்களிடம் கேள்வி கேட்க ஆரம்பிக்கும்.

உங்கள் சம்பவத்திலேயே பார்ப்போம். அந்தப் பிள்ளை “நாலுதானே பெரிசு” என்றாள். அவள் உளறவில்லை. எண்ணத் தொடங்கிய நாள் முதல் நாலு மூன்றைவிடப் பெரியது என்று கற்றுக்கொடுத்திருக்கிறோம், ஒருமுறைகூட அது அவளைக் கைவிட்டதில்லை. பின்னத்தில் பகுதி, அதாவது கீழே இருக்கும் எண், பெரிதாகப் பெரிதாகத் துண்டு சிறிதாகும் என்பது அவள் இதுவரை கண்ட எண் உலகத்துக்கே நேர்மாறான செய்தி. முழு எண்ணின் விதியைப் பின்னத்துக்கும் கொண்டுவருவது கணிதம் கற்பிப்பவர்கள் எங்கும் சந்திக்கும் ஒன்று. அதை ஒரு பிள்ளை காரணத்தோடு, சத்தமாகச் சொல்வது ஆசிரியருக்குக் கிடைக்கும் கொடை. பாடத்தை அறிவது, பாடம் அறிந்தவருக்கும் கற்பிக்கத் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம், மாணவர் எப்படி யோசிக்கிறார் என்பது எல்லாம் அந்த இரண்டே வார்த்தையில் வந்து நிற்கின்றன. அப்புறம் அந்தச் சிரிப்பு. பாதுகாப்பான கற்றல் சூழல் என்று தரநிலையில் படிக்கும்போது நமக்கு ஏதோ பெரிய விஷயம்போலத் தோன்றும். தவறான விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்கும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதிலேயே அதில் பாதி அடங்கிவிடுகிறது.

சரி, ஏன் “வேற யாரு?” என்று வாயில் வந்தது? அது உங்கள் சொல்லே இல்லை என்று நினைக்கிறேன். டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-இல் இதைப் பற்றி எழுதினார். பள்ளியை முடிப்பதற்குள் ஒருவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிடுகிறார் என்பது அவருடைய கணக்கு. வேறு எந்தத் தொழிலுக்கும் இவ்வளவு நீண்ட வேடிக்கை பார்த்தல் கிடையாது. ஆனால் மாணவர் இருக்கையிலிருந்து ஆசிரியர் சொல்வதும் செய்வதும்தான் தெரியும். அவர் ஏன் அப்படிச் சொன்னார், வேறு என்ன சொல்ல நினைத்து விட்டுவிட்டார் என்பது தெரியாது. “வேற யாரு?” உங்களிடம் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும். பதற்றத்தில் பாடத் திட்டம் மறந்துபோகும், இது மறக்காது. எனக்கும் வந்திருக்கிறது.

1970-களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு நேரம் அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். மாணவர் பதில் சொன்னபிறகும் அப்படித்தான், உடனே அடுத்ததற்குத் தாவினார்கள். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். உங்கள் வகுப்பில் “நாலுதானே பெரிசு” என்பதற்கும் “வேற யாரு?” என்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பு அடங்கும்வரைகூட இருந்திருக்காது. குறிப்பில் எழுத வேண்டியது இதைத்தான். ‘பதற்றத்தில் காத்திருக்கத் தவறினேன், அவள் காரணத்தைக் கேட்கவில்லை’ என்று எழுதுங்கள். ‘நான் மோசமான ஆசிரியை’ என்று எழுதுவது குறிப்பு ஆகாது. அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை எதுவும் செய்ய முடியாது.

‘பிரதிபலிப்பு’ என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கண்ணாடி தன் முன்னால் வந்ததைக் காட்டும், யோசிக்காது. நம் பேச்சில் இருக்கும் ‘அசைபோடுதல்’ இதற்கு நெருங்கி வருகிறது. அவசரத்தில் விழுங்கியதை ஓய்வாக உட்கார்ந்து திரும்பவும் மெல்வது. தொழில் செய்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983-இல் இதை இரண்டாகப் பிரித்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசித்து அங்கேயே திருத்திக்கொள்வது ஒன்று, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. முதலாவது உங்களுக்கு இன்னும் கைகூடவில்லை என்று வருந்துகிறீர்கள். நாலு வாரத்தில் யாருக்கும் கைகூடாது. இரண்டாவதைப் பலமுறை செய்த பிறகுதான் முதலாவது மெல்ல வரும். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1910-லேயே சொல்லிவிட்டார், யோசனை என்பது குழப்பத்திலும் தயக்கத்திலும்தான் தொடங்குகிறது என்று. ‘மனசு சரியில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். மதிப்பெண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

மதிப்பெண் பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்மை மதிப்பிடுகிறவரிடமே நம் தவற்றையும் எழுதித் தரச் சொல்வது கடினமான ஏற்பாடு. குறையே இல்லாத குறிப்புக்கு அள்ளிப் போட்டு, உண்மையான குறிப்புக்கு வெட்டும் மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது தவறு. வருங்கால ஆசிரியர்களுக்குப் பொய் எழுதப் பழக்குகிறார்கள், அதன் விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளையைப் போன்றவர்கள். இருந்தாலும் எல்லோரும் அப்படி இல்லை. தவற்றை மட்டும் எழுதி நிறுத்தினால் அது ஒப்புதல் வாக்குமூலம்போல இருக்கும். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நினைக்கிறேன், அடுத்த வகுப்பில் என்ன மாற்றினேன், அதில் என்ன ஆனது என்று நாலும் சேர்ந்து வந்தால் அதைவிட நல்ல சான்று எந்தத் தரநிலைக்கும் கிடையாது. அடுத்த வாரம் அவளுடைய நோட்டில் இருக்கும் ஒரு கணக்கு, ஒரு படம், அவள் எழுதிய ஒரு வரி போதும்.

இதையெல்லாம் எழுதும்போது பிள்ளையின் பெயரையோ, அவள் யாரென்று காட்டும் எதையுமோ எழுதாதீர்கள். ‘இரண்டாம் வரிசை மாணவி’ என்றுகூட வேண்டாம், உங்கள் வழிகாட்டி ஆசிரியைக்கு அது பெயரைப் போலத்தான். எனக்கு எழுதியதை அப்படியே வெளியிட்டிருக்கிறேன், பள்ளியும் ஊரும் இல்லாததால். அந்த நாளன்றே எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமைவரை விட்டால் பிள்ளை சொன்ன வார்த்தை போய்விடும், நம் வார்த்தைதான் மிஞ்சும்.

வழிகாட்டி ஆசிரியையிடம் பேசுங்கள். ‘நான் தப்புப் பண்ணிட்டேன்’ என்று போகாமல், ‘அவளிடம் திரும்ப எப்படித் தொடங்கலாம்?’ என்று கேளுங்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து என்ன எழுதினார் என்பதும் அப்போது தெரியவரும். நீங்கள் பயந்ததுபோல இருக்காது என்று நினைக்கிறேன். அனுபவமுள்ள ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் இப்படித் தாண்டிப்போன ஒரு பிள்ளையின் கதை இருக்கும்.

அப்புறம் அந்தப் பிள்ளை. அவளை எழுப்பி நிறுத்தி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்காதீர்கள். முதலில் தனியாக, வகுப்பு தொடங்குமுன்னோ முடிந்தபின்னோ, “அன்னைக்கு நீ காரணத்தோட சொன்ன, நான் நின்னு கேட்டிருக்கணும்” என்று சொல்லிவிடுங்கள், போதும். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகள் கொடுங்கள். ஒன்றை மூன்று சம பாகமாக, இன்னொன்றை நான்கு சம பாகமாக மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கட்டும். “நாலு பெரிய எண்தானே, துண்டு ஏன் சிறுசாப் போச்சு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள், யார் கை தூக்கினாலும். நான்காக மடிப்பது சுலபம், மூன்றாகச் சமமாக மடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. முதல் நாள் இரவே நீங்கள் ஐந்தாறு பட்டைகளை மடித்துப் பழகிவிடுங்கள்.

அன்புடன்.