கப்பல் ஏறுவதற்கு முந்தைய ராத்திரி எங்கே ரூம் போடுவது? கேள்வி பதில்

மதுரைக்காரர் எந்தக் கப்பலில் ஏறுவதாக இருந்தாலும் முதலில் வேறொரு ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். வைகையில் தண்ணீர் வருவதே பெரிய செய்தி, கப்பலுக்கு எங்கே போவது! அதனால் உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்த கையோடு எல்லோரும் கேட்பது, முன்னும் பின்னும் எங்கே தங்குவது என்பதைத்தான். டிக்கெட், விசா, ரூம் ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பதால் என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருநகர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை போகும் கப்பலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். பாண்டியனில் ஏறினால் காலையில் எழும்பூர். எதற்கு சார் ஹோட்டலுக்குத் தண்டம்?

பாதி சரி சார். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கொண்டுபோய் விட்டுவிடும். கப்பலில் ஏற்றுவது பெரும்பாலும் மதியத்தை ஒட்டித்தான். ஆனால் நடுவில் இருக்கும் ஏழெட்டு மணி நேரத்தைப் பெட்டிகளோடு எங்கே கழிப்பீர்கள்? குளிக்க வேண்டும், வீட்டம்மா கொஞ்சம் காலை நீட்ட வேண்டும்.

எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன் பக்கம் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ரூம் போடும்போது வாடகைக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: "24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?" 24 மணி நேரக் கணக்கு என்றால் காலை ஆறு மணிக்கு நுழைந்தாலும் ஒரு நாள் வாடகைதான். 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் ஹோட்டலில் அதே ஆறு மணிக்குப் போய் நின்றால், ஒன்று முந்தைய ராத்திரிக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள், அல்லது மதியம் வரை லாபியில் உட்கார வைத்துவிடுவார்கள். பெரிய ஹோட்டல்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். இந்த ஒரு காரியத்துக்கு நம் பழைய பாணி லாட்ஜே வசதி.

எழும்பூரிலிருந்து துறைமுகம் நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் ராஜாஜி சாலையில் நெரிசல் சகஜம், துறைமுக வாசலில் மத்தியப் பாதுகாப்புப் படையின் சோதனையும் உண்டு. கப்பல் கிளம்பும் நேரம் வேறு, ஏறும் கவுன்டரை மூடும் நேரம் வேறு. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். டிக்கெட்டில் அந்த இரண்டாவது நேரத்தைத் தேடிப் பார்த்து அதற்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் இந்தத் திட்டமே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் எந்த ரயிலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முந்தின நாள் காலையில் வைகை எக்ஸ்பிரஸ் பிடித்தால் மதியம் இறங்கி, நிம்மதியாக ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போகலாம். அந்த ஒரு நாள் வாடகையைத் தண்டம் என்று நினைக்காதீர்கள்.

அண்ணா நகர், ஆசிரியை: அதே கப்பல்தான் அண்ணே. தி.நகரில் தங்கினால் புடவையும் எடுத்துவிடலாமே?

எடுக்கலாம்மா, திரும்பி வந்த பிறகு. ஏறும் முன் வாங்கிய புடவைகளைக் கேபின் அலமாரியில் எங்கே வைப்பீர்கள்? இருந்தாலும் தி.நகரில்தான் தங்குவேன் என்றால், மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் துறைமுகத்துக்கு எதிரே கடற்கரை ஸ்டேஷனிலேயே இறங்கலாம். ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு போகும் துணிச்சல் மட்டும் வேண்டும்.

விமானத்தில் சென்னை போகிறவர்களும் மீனம்பாக்கத்திலேயே தங்க வேண்டியதில்லை. மெட்ரோவின் நீல வழித்தடம் விமான நிலையத்திலிருந்து உயர் நீதிமன்றம், மண்ணடி வரை நேராகப் போகிறது. பாரிமுனைப் பக்கம் தங்கினால் மறுநாள் துறைமுகம் கூப்பிடு தூரம்.

வில்லாபுரம், ஜவுளி வியாபாரி: சிங்கப்பூரிலிருந்து கப்பல். நான், மனைவி, 72 வயது அம்மா. முதல்முறை வெளிநாடு. முன்னால் இரண்டு ராத்திரி, பின்னால் ஒரு ராத்திரி. ஆன்லைனில் பார்த்தால் தலை சுற்றுகிறது.

முதலில் உங்கள் கப்பல் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. ஒன்று மெரினா பே முனையம், இன்னொன்று ஹார்பர்ஃபிரண்ட்டில் இருப்பது. இரண்டும் வேறு வேறு திசை. "துறைமுகத்துக்கு அருகில்" என்று விளம்பரம் போடும் ஹோட்டல் எந்த முனையத்தைச் சொல்கிறது என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

நம்மவர்களுக்கு நான் சொல்வது லிட்டில் இந்தியாதான். நம் சாப்பாடு கிடைக்கும் என்பது ஒரு காரணம். சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது, வீரமாகாளியம்மன் கோயிலும் அதே ரோட்டில்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ரயில். லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் இரண்டு ஸ்டேஷன்களும் ஊதா நிற வழித்தடத்தில் வருகின்றன. அதில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட்டில் இறங்கலாம். மெரினா பே முனையம் என்றால் தோபி காட்டில் சிவப்பு வழித்தடத்துக்கு மாறி, கடைசி ஸ்டேஷனான மெரினா சவுத் பியர் போக வேண்டும். இறங்கியும் கொஞ்சம் நடக்க வேண்டும். அம்மாவும் பெட்டிகளும் இருப்பதால் ஏறும் நாளில் டாக்சிதான் சரி. ரயிலைப் பெட்டியில்லாமல் ஊர் சுற்றும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்து ஹோட்டல்களில் ரூம் போடும்போது மூன்று விஷயத்தை விடாதீர்கள். மலிவாகத் தெரியும் பல ரூம்களில் ஜன்னலே இருக்காது. படத்தில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர்தான் இருக்கும். "ஜன்னல் உண்டு" என்று எழுத்தில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். அடுத்தது மூன்றாவது ஆள். இருவருக்கான ரூமில் அம்மாவுக்குக் கீழே பாய் விரித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே ரூம் அவ்வளவு சிறிசு, ஆள் கணக்கிலும் கறாராக இருப்பார்கள். மூவர் ரூம் என்றே கேட்டு வாங்குங்கள். அப்புறம் குளியலறை. தொட்டி வைத்த குளியலறை படத்தில் அழகாக இருக்கும், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தரையோடு இருக்கும் ஷவர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று அர்த்தம். நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ரூம் கிட்டத்தட்ட நூற்றிருபது ஆகிவிடும்.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கப்பல் மலேசியா, தாய்லாந்து என்று போய்விட்டுத் திரும்பினால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். விசா பல முறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். வருகை அட்டையையும் கப்பலிலிருந்து இறங்குவதற்கு மறுபடி ஆன்லைனில் போட வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் போடலாம். அது இலவசம். யாராவது காசு கேட்டால் அது அரசாங்கத்தின் தளம் இல்லை.

எஸ்.எஸ். காலனி, ஐ.டி. ஊழியர்: கப்பல் காலை ஏழு மணிக்குக் கரைக்கு வந்துவிடும். பதினொரு மணி விமானம் பிடிக்கலாமா? பின்னால் ஒரு ராத்திரி எதற்கு?

ஏழு மணிக்குக் கப்பல் வரும் தம்பி, நீங்கள் வர மாட்டீர்கள். குழு குழுவாகத்தான் இறக்குவார்கள். பெரிய பெட்டிகளை முந்தின ராத்திரியே அட்டை கட்டிக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் முனையத்தில் போய்த் தேடி எடுக்க வேண்டும். (மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் உடுத்தும் துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டு லுங்கியோடு காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்களும் உண்டு.) அதன்பின் குடியேற்றச் சோதனை வரிசை. மதியம் இரண்டு மணிக்கு மேல் விமானம் என்றால் ரூம் வேண்டாம். பதினொரு மணி என்றால் நான் போட்டுத் தர மாட்டேன்.

பின்னால் தங்குகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். ஒன்பது மணிக்குக் கரையில் நிற்பீர்கள், ஹோட்டலில் ரூம் கொடுப்பதோ இரண்டு, மூன்று மணிக்கு. பெட்டிகளை மட்டும் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டுவையுங்கள். பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். முந்தைய ராத்திரிக்குத் துறைமுகப் பக்கம் பாருங்கள், பிந்தைய ராத்திரிக்கு விமான நிலையத்துக்குப் போக வர வசதியான இடமாகப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே ஹோட்டல்தான் வேண்டும் என்பது சோம்பேறித்தனம், சில ஊர்களில் அதுவே வசதியும்கூட.

உசிலம்பட்டி, விவசாயி: கொச்சியிலிருந்து கப்பல். சொந்தக் காரில் தேனி வழியாகப் போகிறோம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவாக ரூம் இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் நெடும்பாசேரி விமான நிலையம் கப்பல் நிற்கும் வெலிங்டன் தீவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். காலை நேரத்தில் எர்ணாகுளம் போக்குவரத்தைக் கடந்து அந்தத் தூரம் வருவது நம்மூரில் சித்திரைத் திருவிழா அன்று கோரிப்பாளையத்தைக் கடப்பது மாதிரி. காரில் போகிறவருக்கு விமான நிலையம் எதற்கு? எர்ணாகுளம் ஜங்ஷன், எம்.ஜி. ரோடு பக்கம் தங்குங்கள். தீவுக்குப் பாலம் வழியாகச் சீக்கிரம் போய்விடலாம். ஊர் பார்க்கும் ஆசை இருந்தால் ஃபோர்ட் கொச்சி.

காரை எங்கே விடுவது என்பதையும் ரூம் போடும்போதே பேசி முடியுங்கள். திரும்பி வரும்போதும் அங்கேயே ஒரு ராத்திரி தங்குவதாகச் சொன்னால் சில ஹோட்டல்களில் நடுவில் இருக்கும் நாட்களுக்குக் காரை நிறுத்த விடுவார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரியும். குமுளி வழியானாலும் மூணாறு வழியானாலும் முந்தின நாள் பகலிலேயே இறங்கிவிடுங்கள்.

ஞானஒளிவுபுரம், பங்குப் பேரவை உறுப்பினர்: இருபது பேர் ரோமுக்குத் திருப்பயணம் போய், அங்கிருந்தே கப்பல் ஏறுகிறோம். கப்பலுக்குப் பக்கத்தில் ரூம் போடலாமா?

கப்பல்காரர்கள் "ரோம்" என்று போடுவார்கள். ஆனால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில், ரோமிலிருந்து சுமார் 70, 80 கிலோமீட்டர் தள்ளி. "லண்டன்" என்று போட்டுவிட்டு சவுத்தாம்ப்டனில் ஏற்றுவதும் இதே கதைதான். நீங்கள் திருப்பயணமாகப் போவதால் தங்கல் ரோமிலேயே, டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அங்கிருந்து துறைமுக ஊருக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இருபது பேர், இருபது பெட்டி என்றால் பேருந்து பேசிவிடுவதே மேல். ரோமில் ஹோட்டல்காரர்கள் நகர வரி என்று தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். முன்பணம் முழுதாகக் கட்டியிருந்தாலும் அது வேறு. குழுத் தலைவர் கையில் கொஞ்சம் யூரோ இருக்கட்டும்.

பைபாஸ் ரோடு, தாயார்: ஹூஸ்டனில் மகன் இருக்கிறான். கால்வெஸ்டனில் கப்பல். மகன் வீடு இருக்கும்போது ஹோட்டல் எதற்கு என்கிறார் இவர்.

ஐயா சொல்வது சரிதான், ஒரு நிபந்தனையோடு. நம்மூரிலிருந்து போய் இறங்கிய மறுநாளே கப்பல் ஏறாதீர்கள். பகல் ராத்திரி தலைகீழாக இருக்கும். மகன் வீட்டில் மூன்று நாலு நாள் இருந்து, தூக்கம் சரியான பிறகு காரில் போய் ஏறுங்கள். கால்வெஸ்டன் ஹூஸ்டனுக்குத் தெற்கே கடலோரத்தில் இருப்பதால், வீடு ஹூஸ்டனுக்கு வடக்கே இருந்தால் மட்டும் முந்தைய ராத்திரி கால்வெஸ்டனில் தங்குவதை யோசிக்கலாம். திரும்பும் வழியில் ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லேண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது. மகனிடம் முன்பே சொல்லி வையுங்கள், தரிசனம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

தல்லாகுளம், கல்லூரிப் பேராசிரியர்: எங்கள் ஆங்கிலேய நண்பர்கள் கொச்சியில் கப்பலிலிருந்து இறங்கி மதுரைக்கு வருகிறார்கள். எங்கே தங்கவைப்பது?

ஒரே ராத்திரி என்றால் கோயிலைச் சுற்றி, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம். காலையில் நடந்தே போய்விடலாம். இரண்டு ராத்திரிக்கு மேல் என்றால் பசுமலைப் பக்கம் அமைதியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் வண்டி வேண்டும்.

கோயில் மதியம் நடை சாத்தி நாலு மணி வாக்கில்தான் திறக்கும். கொச்சியிலிருந்து களைத்து வருகிறவர்களை நேரே அங்கே கூட்டிப்போகாமல், ராத்திரி பள்ளியறை பூஜைக்கு அழைத்துப் போங்கள். செல்போனை உள்ளே விட மாட்டார்கள், ரூமிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் வருவதாக இருந்தால் இப்போதே ரூம் போடுங்கள். தேரோட்டத்தன்று மாசி வீதிகளுக்குள் கார் வராது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் தங்கினால் அந்த விவரத்தை அரசாங்கத்திடம் பதிய வேண்டும் என்பதால் சில சின்ன லாட்ஜ்கள் ரூம் இல்லை என்று சொல்லிவிடும். முன்பே போன் போட்டுக் கேளுங்கள்.

ஆரப்பாளையம், கல்லூரி மாணவர்: மூன்று நாள் கப்பலுக்கு இரண்டு பெரிய பெட்டி எதற்கு? ஒன்றை ஹோட்டலிலேயே விட்டுப் போகலாமா?

திரும்பி அதே ஹோட்டலுக்கு வருவதாக இருந்தால் தாராளமாக. டோக்கன் வாங்கி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லேப்டாப்பை மட்டும் அதில் விடாதீர்கள். கப்பல் வேறு துறைமுகத்தில் இறக்கிவிடும் பயணமா என்று டிக்கெட்டை ஒருமுறை பாருங்கள். சென்னையில் ஏறி விசாகப்பட்டினத்தில் இறங்குகிறவர் எழும்பூர் லாட்ஜில் பெட்டியை வைத்து என்ன செய்ய?