சில்வியா பினால்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மெக்சிகோ நடிகை சில்வியா பினாலைக் கண்டெடுத்தவர் இயக்குநர் லூயிஸ் புனுவல்தானே?

பதில்: இல்லவே இல்லை. 1950இல் நகைச்சுவை நடிகர் தின் தானுடன் நடித்தார், 1956இல் பாடகரும் நடிகருமான பெத்ரோ இன்ஃபான்தேக்கு ஜோடி. அதே வருடம் ஓவியர் தியேகோ ரிவேரா அவரை ஓவியமாகத் தீட்டினார். புனுவல் படத்தில் நடித்தே தீருவது என்று நின்றவர் பினால்தான். புனுவல் இயக்கி அவர் நடித்த மெக்சிகோ படமான 'விரிதியானா'வுக்குப் பணம் போட்டவர் அவருடைய அன்றைய கணவர் அலாத்ரிஸ்தே.

கேள்வி: மகள் பாடகியாமே?

பதில்: ஆமாம், அலெஹாந்திரா குஸ்மான். மூத்த மகள் சில்வியா பாஸ்கெல் நடிகை. குடும்பச் சண்டைகளைப் பற்றி இங்கே கேட்க வேண்டாம்.

கேள்வி: 'விரிதியானா' ஸ்பெயின் படம். அதை ஏன் மெக்சிகோ கணக்கில் எழுதுகிறீர்கள்?

பதில்: எடுத்தது ஸ்பெயினில்தான். துறவு பூண இருந்த கதாநாயகி மாமா மகனின் அறைக்குள் போவதாக இருந்த முடிவைத் தணிக்கை ஏற்கவில்லை. புனுவல் அதை மூன்று பேர் சீட்டாடும் காட்சியாக மாற்றினார். அது இன்னும் விவகாரமாக இருந்தும் அனுமதி கிடைத்துவிட்டது! 1961இல் கான் விழாவில் இன்னொரு படத்தோடு உச்ச விருதான தங்கப்பனையைப் பகிர்ந்துகொண்டது. விருதை மேடையேறி வாங்கிய ஸ்பெயின் திரைத்துறை அதிகாரிக்கு வேலை போயிற்று. வத்திக்கான் நாளேடு தெய்வ நிந்தனை என்றது, ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு தடை போட்டது. ஸ்பெயின் மக்கள் திரையரங்கில் பார்த்தது 1977இல்தான்.

கேள்வி: ஆனாலும் விருது ஸ்பெயின் பெயரில்தானே?

பதில்: விருது, சரி. ஆனால் அப்படியொரு படமே தங்களிடம் இல்லை என்று கைகழுவியதும் அதே ஸ்பெயின்தான். மெக்சிகோ படமாகத்தான் அது உலகம் சுற்றியது. ஒரு பிரதியை மெக்சிகோவுக்குக் கொண்டுவந்ததைப் பினாலே பலமுறை சொல்லியிருக்கிறார். பெற்றவள் துரத்தினாள், வளர்த்தவள் காப்பாற்றினாள். பிள்ளை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?

பதில்: புனுவலின் 'சிமோன் தெல் தெசியெர்தோ', 1965. முக்கால் மணி நேரம்தான். பினால் சாத்தானாக வருகிறார்.

கேள்வி: அரசியலில் இருந்தாரா?

பதில்: இருந்தார். 1991இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

கேள்வி: புனுவல் இல்லையென்றால் அவரை யாருக்குத் தெரியும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். 1986 முதல் 2007 வரை, 'முஹேர், காசோஸ் தே லா வீதா ரியால்' என்ற தொலைக்காட்சித் தொடரில் பெண்கள் படும் பாட்டை முன்னின்று சொன்னவர் அவர். 2024 நவம்பர் 28இல் காலமானபோது மெக்சிகோ நகரத்தின் பெல்யாஸ் ஆர்தெஸ் அரங்கில் அஞ்சலி நடந்தது. அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புனுவல் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.