பன்னிரண்டு மணிக்குப் படுத்தவர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கமுங்க. எனக்குச் சொந்த ஊர் பெருந்துறை. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக ஐபோன் செயலி எழுதுகிறேன். 2025 ஜூன் 9 ராத்திரி ஆப்பிளின் டெவலப்பர் மாநாட்டைப் பார்க்க ரூமில் ஆறு பேர் கூடியிருந்தோம். ஒரு மாதமாக வாட்ஸப் குழுவில் இதே பேச்சுதான். பேசினால் பதில் சொல்லும் சிரியின் புதுப் பதிப்பு, போன வருடம் சொன்னது, இந்த வருடமாவது வந்துவிடும் என்று இருந்தோம். வந்தது கண்ணாடி மாதிரி ஒரு தோற்றமும், ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ்.ஸுக்கு 18-லிருந்து 26-க்குத் தாவிய பதிப்பு எண்ணும்தான். பன்னிரண்டு மணிக்கெல்லாம் சலித்துப்போய்ப் படுத்துவிட்டோம். மறுநாள் போனில் அப்பா, “ராத்திரி முழிச்சிருந்து என்ன கண்ணு பாத்தீங்க?” என்றார். சொல்ல ஒன்றுமில்லை. வருடா வருடம் இதற்குக் காத்துக் கிடப்பதில் அர்த்தம் இருக்குதுங்களா?

ச., சரவணம்பட்டி

அன்புள்ள ச.,

பன்னிரண்டு மணிக்குப் படுத்துவிட்டோம் என்ற இடத்தில்தான் என் மனசு நின்றது. நீங்கள் பார்த்தது நம் நேரத்துக்குப் பத்தரைக்குத் தொடங்கிய முதல் உரை. போன் வாங்குகிறவர்கள், பத்திரிகைக்காரர்கள், பங்கு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வது அது. செயலி எழுதுகிறவர்களுக்கான இரண்டாவது உரை அன்றிரவு ஒன்றரை மணிக்கு. உங்களுக்கான பேச்சு தொடங்கும்போது ஆறு பேரும் தூக்கத்தில் இருந்திருக்கிறீர்கள்.

என் மாமா திருப்பூரில் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறார். ஆறு மெஷின். சொந்தமாக நூல் கிடையாது. எக்ஸ்போர்ட்டர் கொடுக்கிற நூலை ஓட்டித் துணியாகத் திருப்பிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. புது சீசன் சாம்பிள் வந்தால் ஆபீசில் இருப்பவர்கள் கலரைப் பார்ப்பார்கள், பிரிண்டைப் பார்ப்பார்கள். மாமா, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் (ஜி.எஸ்.எம்.) என்று பார்க்க உதவும் ஜி.எஸ்.எம். கட்டரைத் துணிமேல் வைத்து, அழுத்தி, ஒரு திருகு திருகுவார். நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் தனியாக வரும். தராசில் 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம். வட்டத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, துணியை எப்படி ஓட்டவேண்டும் என்று எழுதிய புரோகிராம் தாளைக் கேட்பார். மெஷினின் டயா (விட்டம்) என்ன, லூப் லென்த் (ஒரு கண்ணிக்கு ஆகும் நூலின் நீளம்) என்ன, போன தடவைக்கு இந்தத் தடவை எது மாறியிருக்கிறது? அந்தத் தாளில் ஒரு எண் மாறினால் அவருடைய மூன்று மாதம் மாறிவிடும். கலர் எப்படி என்று கேட்டால், “அத போடறவங்க பாத்துக்குவாங்க” என்பார்.

நீங்களும் ஜாப் ஒர்க்காரர்தான், தம்பி. கை உங்களுடையது, நூலும் சந்தையும் ஆப்பிளுடையது. வருடத்துக்கு 99 டாலர் கட்டித்தான் செயலியைக் கடையில் வைக்கமுடியும். விற்றால் நூற்றுக்கு 30, வருட வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருந்து அதற்கான திட்டத்தில் சேர்ந்திருந்தால் நூற்றுக்கு 15 அவர்களுக்குப் போகும். இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் கலரைப் பார்த்து ஏமாந்தேன் என்று சொல்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

2014-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம் வரும் என்று பலரும் காத்திருந்த வருடம். ஜூன் 2 மேடையில் புதுக் கருவி ஒன்றுகூட வரவில்லை, சப்பென்று போய்விட்டது என்றார்கள். ஆனால் நீங்கள் இன்று சோறு தின்கிற ஸ்விஃப்ட் நிரல்மொழி அந்த மேடையில்தான் வந்தது. வெளியார் எழுதிய விசைப்பலகையை ஐபோனின் மற்ற செயலிகளுக்குள்ளும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதும் அன்றுதான். அதற்கு முன், வெளியார் செய்த தமிழ்ச் செயலி ஒன்றில் தட்டி, நகலெடுத்து, இன்னொன்றில் கொண்டுபோய் ஒட்டவேண்டும். தமிழில் எழுதுகிறவனாக எனக்கு அந்த வருடம் எதிர்பார்த்த கடிகாரத்தைவிட இது பெரியது.

மறுபக்கமும் உண்டு. 2013-இல் ஐ.ஓ.எஸ். 7-இல் டார்ச் பொத்தானைப் போனிலேயே வைத்தார்கள். டார்ச் செயலி எழுதி விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அது என்ன செய்தி என்று யோசித்துப் பாருங்கள். 2002-இல் வாட்சன் என்ற வெளியார் மென்பொருள் செய்த வேலையை ஆப்பிளின் தேடல் மென்பொருளான ஷெர்லாக் 3 எடுத்துக்கொண்டது. ‘ஷெர்லாக் பண்ணிட்டாங்க’ என்ற பேச்சு இந்தத் தொழிலில் அங்கிருந்து வந்ததுதான். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, நம் வேலையில் எதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள், எந்தக் கதவைப் புதிதாகத் திறந்தார்கள் என்பதை.

சிரி விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். 2024 ஜூனில் அம்மாவின் விமானம் எப்போது இறங்கும் என்று கேட்டால் சொல்லும் சிரியைக் காட்டினார்கள். 2025 மார்ச்சில் தள்ளிப்போடுகிறோம் என்றார்கள். 2025 ஜூனில் இன்னும் நேரம் வேண்டும் என்றார்கள். சொன்ன நேரத்தில் ஓட்டித் தரமுடியாத துணியைச் சாம்பிள் என்று காட்டினால் திருப்பூரில் அந்த ஆளுக்கு அடுத்த ஆர்டர் கிடைக்காது. உலகத்தின் மிகப் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று அதைச் செய்திருக்கக் கூடாது. அந்தக் கோபம் நியாயமானது, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடித் தோற்றத்தை மட்டும் லேசாக விட்டுவிடாதீர்கள். பின்னால் படம் தெரிய, மேலே எழுத்து மிதக்கிறது. தமிழில் ‘க’வுக்கும் ‘க்’குக்கும் நடுவே இருப்பது ஒரு புள்ளி. வெளிச்சமான படத்தின்மேல் அந்தப் புள்ளி கரைந்துவிட்டால் வார்த்தையே போய்விடும். சோதனைப் பதிப்பில் உங்கள் செயலியின் தமிழ்த் திரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வெயிலில் நின்று பாருங்கள். தெரியவில்லை என்றால் இப்போதே புகார் எழுதுங்கள், செப்டம்பரில் எல்லோர் போனுக்கும் வந்தபிறகு எழுதிப் பயனில்லை.

ஒன்றரை மணிக்கு உங்களுக்கென்று சொன்னது இதுதான். கேள்விக்குப் பதில் எழுதித் தருகிற, போனுக்குள்ளேயே இருக்கும் மொழி மாதிரியை (லாங்குவேஜ் மாடல்) இனி நீங்களும் உங்கள் செயலியிலிருந்து கூப்பிடலாம். இணையம் வேண்டாம், கேள்விக்கு இவ்வளவு என்று கட்டணமும் இல்லை. இதுவரை ஒவ்வொரு கேள்விக்கும் வெளி சர்வருக்குக் காசு கட்டமுடியாமல் நம் ஊரில் எத்தனை பையன்கள் நல்ல யோசனையை மூட்டைகட்டி வைத்தார்கள்! குறையும் இருக்கிறது. ஐபோன் 15 புரோவும் அதற்குப் பிறகு வந்தவையும் வேண்டும். அந்த மாடலுக்குத் தெரிந்த மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. எனக்கு இதில்தான் உண்மையான வருத்தம், சிரியைவிட.

2013-இல் இந்த மாநாட்டின் டிக்கெட் 1,599 டாலர், இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோனது. கோவையிலிருந்து யார் போயிருக்க முடியும்? இன்று நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்புகள் இலவசமாக உங்கள் ரூமுக்கே வருகின்றன. ஆறு பேரும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டு பாருங்கள், அன்றிரவு ஒன்றரை மணிக்கு நடந்த உரையில் தொடங்கி. பார்த்தபிறகு அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள்.

எனக்கும் எழுதுங்கள். நூலின் தடிமனைச் சொல்லும் கவுண்ட்டையும் ஜி.எஸ்.எம்.மையும் வாயால் சொன்னால் லூப் லென்த் கணக்குப் போட்டுத் தருகிற செயலி ஒன்று வேண்டுமென்று மாமா ரொம்ப நாளாகக் கேட்கிறார். அவர் தமிழில்தான் சொல்வார், கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன்.