எச்.ஐ.சி. ஸ்கூட்டர் ஆட்டம் கொடுக்கிறது, எஸ்.சி.எஸ்.ஸுக்கு மாற்றலாமா?

கேள்வி: என் 12 வயது மகனின் ஸ்டன்ட் ஸ்கூட்டரில் (காலால் உந்தி ஓட்டி, வித்தை காட்டும் ஸ்கூட்டர்) எச்.ஐ.சி. கம்ப்ரஷன் இருக்கிறது, அதாவது முன்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் முறை. வாரத்துக்கு ஒரு முறையாவது முன்பக்கம் லொடலொடவென்று ஆடுகிறது. அவனும் முறுக்கிக்கொண்டே இருக்கிறான். எஸ்.சி.எஸ். என்ற இன்னொரு முறையைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறான். மாற்றலாமா?

பதில்:

மாற்றலாம், தப்பில்லை. ஆனால் காசு செலவழிக்கும் முன் ஒன்று கேட்கிறேன்: அவன் எந்த போல்ட்டை முறுக்குகிறான்? வெளியே கிளாம்ப்பில் (ஹேண்டில்பாரின் அடியைச் சுற்றிக் கவ்வும் வளையம்) தெரிகிறதே, அவற்றையா? அப்படியானால் எஸ்.சி.எஸ். போட்டாலும் அதே லொடலொட தொடரும்.

நான் மெக்கானிக் இல்லை. மெல்பர்னில் கணக்கு வேலை பார்ப்பவன். மகனை யாரா ஆற்றங்கரையில் இருக்கும் ரிவர்ஸ்லைடு ஸ்கேட் பார்க்குக்கு ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கூட்டிப் போகிறேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தும் வீட்டில் கராஜில் தரையில் உட்கார்ந்தும் கற்றதுதான் இதெல்லாம்.

கம்ப்ரஷன் என்றால் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தண்டு (1⅛ அங்குலம், அதாவது 28.6 மி.மீ.) டெக்கின் (நின்று ஓட்டும் பலகை) கழுத்துக் குழாய் வழியாக மேலே வருகிறது. அந்தக் குழாயின் மேலும் கீழும் பேரிங். ஃபோர்க்கை மேலே இழுத்து அந்த இரண்டு பேரிங்கோடும் இறுக்கமாக உட்கார வைக்க வேண்டும். ஊரில் சைக்கிள் கடையில் ‘ஹேண்டில் கப்பு டைட் பண்ணணும்’ என்பார்களே, அதே வேலைதான். இப்படி இழுத்துப் பிடிக்கிற ஒற்றை போல்ட்தான் கம்ப்ரஷன். கிளாம்ப் எதையும் இழுக்காது, இழுத்து வைத்த நிலையில் பூட்டு போடும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், எச்.ஐ.சி., எஸ்.சி.எஸ். இரண்டிலுமே அந்த போல்ட் வெளியே தெரியாது. ஹேண்டில்பாரைக் கழற்றினால்தான் கண்ணில் படும். பையன்கள் கைக்கு எட்டும் கிளாம்ப் போல்ட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவார்கள். ஆட்டம் போகாது, கிளாம்ப்பின் மரைதான் போகும்.

எனவே இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். கிளாம்ப்பைத் தளர்த்திப் பாரை உருவுங்கள். ஃபோர்க் தண்டின்மேல் மாட்டியிருக்கும் குழாய்தான் ஷிம். அதன் தலையில் ஒரு மூடி, மூடியின் நடுவில் போல்ட் இருக்கும். பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. ஆலன் கீ பொருந்தும். ஃபோர்க்கைக் கையால் சுழற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஆட்டம் நின்று, சுழல்வது மட்டும் தடையில்லாமல் இருக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் பார்ஸ்பின் (பாரைச் சுழற்றும் வித்தை) சுற்றாது, பேரிங்கும் பாழ். அப்புறம் பாரை மாட்டி, சக்கரத்துக்கு நேராகப் பார்த்து, கிளாம்ப் போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். சரியாக வந்திருக்கிறதா என்று தெரிய, முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போடுங்கள். ‘டக்’ என்று ஒரே சத்தம் கேட்டால் சரி. ‘டக்-லொட’ என்று வால் நீண்டால் மறுபடி பாரை உருவுங்கள்.

இதற்கும் அடங்கவில்லையென்றால் ஷிம்மின் தலையைப் பாருங்கள். ஃபோர்க் தண்டின் நுனி ஷிம்முக்கு ஒரு மயிரிழையாவது கீழே இருக்க வேண்டும். தண்டு உயர்ந்திருந்தால் மூடி ஷிம்மை அழுத்தாமல் தண்டின்மேல் போய் உட்கார்ந்துவிடும். என்னதான் முறுக்கினாலும் வீண். ஷிம்முக்கு அடியில் ஒரு மெல்லிய ஸ்பேசர் வளையம் போட்டால் தீரும். இதைக் கண்டுபிடிக்காமல் நான் ஒரு பேரிங் செட்டையே வாங்கி மாற்றியிருக்கிறேன்.

சரி, இப்போது எச்.ஐ.சி.யா எஸ்.சி.எஸ்.ஸா என்ற சண்டைக்கு வருகிறேன்.

எச்.ஐ.சி.யில் 28.6 மி.மீ. தண்டின்மேல் ஷிம், ஷிம்மின்மேல் 34.9 மி.மீ. வெளி விட்டமுள்ள ஓவர்சைஸ் பார். தண்டு, ஷிம், பார் என மூன்று குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று. எடை குறைவு, பார்க்கவும் ஒல்லியாக அழகாக இருக்கும். குறை என்றால் பாரின் அடியில் இருக்கும் பிளவுதான். பிளவு இருந்தால்தான் கிளாம்ப் நெருக்கும்போது பார் ஷிம்மைக் கவ்வும். ஆனால் அந்தப் பிளவின் நுனியில்தான் விரிசலும் பிறக்கிறது. என் மகனின் முதல் பார் அப்படித்தான் போனது. பிளவு முடியும் இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. முதலில் பெயின்ட் கீறல் என்று நினைத்தேன். நகத்தால் தடவினால் தடுக்கியது.

எஸ்.சி.எஸ்.ஸில் பார் ஃபோர்க் தண்டைச் சுற்றி மாட்டாது, அதற்கு மேலே தனியாக நிற்கும். கிளாம்ப்பே பெரிதாக இருக்கும். அதன் கீழ்ப்பாதி ஃபோர்க் தண்டைப் பிடிக்கிறது, மேல்பாதி பாரைப் பிடிக்கிறது. பாரில் பிளவு கூடாது, தேவையும் இல்லை. விழுந்தால் பார் கோணிக்கொள்வது குறைவு. கிளாம்ப் மட்டுமே சுமார் 300 கிராம் வரும், அதைச் சொல்லித்தான் எச்.ஐ.சி. கட்சிக்காரர்கள் வாதாடுவார்கள். எனக்கு அந்த வாதம் பிடிபடவில்லை. கிளாம்ப் இருப்பது சுழலும் அச்சின்மேலேயே. பார்ஸ்பின்னில் பார் சுற்றுவதும் டெயில்விப் என்ற வித்தையில் டெக் சுற்றுவதும் அந்த அச்சைச் சுற்றித்தான். நடுவில் இருக்கும் எடை சுழற்சியை அவ்வளவாக மந்தப்படுத்தாது. குதித்துத் தூக்கும்போது தெரியும், அதுவும் 12 வயதுப் பையனுக்குக் கொஞ்சம் தெரியும், ஒத்துக்கொள்கிறேன்.

மாற்றுவதில் இருக்கும் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் எஸ்.சி.எஸ். கிளாம்ப் வாங்கினேன். எங்கள் பாரில் பிளவு இருக்கிறதா என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு அங்குலப் பிளவு. வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. ஹாக்சா பிளேடு வைத்து அரை மணி நேரம் அறுத்தேன். மகன் வெட்டிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, “அப்பா, கோணலா இருக்கு” என்றான். ஆமாம், ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் சரிவு. அப்படியே மாட்டினோம். கிளாம்ப்புக்குள் அடிப்பாகம் சமமாக உட்காராமல், ஒவ்வொரு குதிப்புக்கும் ‘கிரீச்’ என்றது. கடைசியில் அரம் வைத்து ராவித்தான் சரிசெய்தோம். இதில் ஒரு நல்லது: எஸ்.சி.எஸ்.ஸில் பார் ஃபோர்க்கின் மேல் ஏறி நிற்பதால் உயரம் கூடும். வெட்டியதும் கூடியதும் ஏறக்குறைய சரியாகிவிட்டது.

ஐ.சி.எஸ்., ஐ.எச்.சி. என்று கம்ப்ரஷனில் இன்னும் இரண்டு வகை உண்டு, அவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.சி.எஸ்.தான் இருப்பதிலேயே எடை குறைந்தது. ஷிம் கிடையாது, ஸ்டார் நட் (குழாயின் உட்சுவரைக் கவ்வி நிற்கும் நட்) பாருக்குள்ளே இருக்கும், போல்ட் ஃபோர்க்கின் அடியிலிருந்து மேலே போகும். ஒவ்வொரு முறை இறுக்கவும் முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பாருக்குள் ஸ்டார் நட்டைச் சுத்தியால் நேராக இறக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, அதுவும் கோணலாகத்தான் போனது. வீட்டில் வேலை செய்பவர்களுக்கு வேண்டாம் என்பேன். ஐ.எச்.சி. ஆஸ்திரேலியாவின் என்வி ஸ்கூட்டர்களில் (ஐரோப்பாவில் பிளன்ட் என்ற பெயரில் வருவது) நிறையப் பார்க்கலாம். ஃபோர்க் தண்டை ஒல்லியாக்கி, சாதாரண அளவு பாருக்குள்ளேயே ஷிம் அடங்கும்படி செய்தது. எச்.ஐ.சி.யின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் மாற்றும்போது மட்டும் அளவைப் பார்த்து வாங்க வேண்டும்.

உங்கள் பையனுக்கு இப்போதைக்கு எச்.ஐ.சி.யே போதும். மேலே சொன்னபடி ஒரு முறை இறுக்கி இரண்டு வாரம் பாருங்கள். பிளவு நுனியில் கோடு விழுந்தாலோ, அவன் வளர்ந்து பார் குட்டையானாலோ, அப்போது பிளவில்லாத பாரும் எஸ்.சி.எஸ். கிளாம்ப்பும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். கடைக்குப் போகும்போது பழைய பாரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆலன் கீ மட்டும் இரண்டு வாங்கி வையுங்கள். பார்க்கில் எவனாவது “அங்கிள், ஒரு நிமிஷம்” என்று வாங்கிப் போவான். எனக்கு இதுவரை மூன்று திரும்பி வரவில்லை.