திறப்பதற்கு முன் நீங்களே ஒரு ஆர்டர் போடுங்கள்

வணக்கம். பத்து நாளில் ஆன்லைன் கடை திறக்கிறீர்கள், 200 குஷன்களில் 40க்குத்தான் படமும் விவரமும் தயார், தள்ளிப்போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அந்த 40ஐ வைத்தே திறங்கள். மீதியை வாரம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

எனக்குக் கவலை டெலிவரி கட்டணத்தில்தான். எடைக்கு ஏற்ப வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். குஷனுக்கு அது சரிவராது. பல கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அதுவும் நிஜ எடையும், எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 40×40×20 பெட்டி என்றால் 6.4 கிலோ, உள்ளே இருப்பது அரைக் கிலோவாக இருந்தாலும்! உங்கள் கூரியர் எதால் வகுக்கிறார் என்று இன்றே கேளுங்கள். காற்றை எடுத்து அழுத்தி பேக் செய்ய முடிந்தால் நிறைய மிச்சமாகும்.

அப்புறம், பேமென்ட்டை டெஸ்ட் மோடில் (நிஜப் பணம் நகராத சோதனை முறையில்) பார்த்தது மட்டும் போதாது. லைவுக்கு மாற்றி, மொபைலிலிருந்து உங்கள் சொந்தக் கார்டில் ஒரு பொருள் வாங்குங்கள். உறுதி மெயில் ஸ்பாமில் விழுகிறதா, ஸ்டாக் ஒன்று குறைகிறதா என்று கவனித்து, ரீஃபண்டும் போட்டுப் பாருங்கள். நான் ரீஃபண்டைச் சோதிக்காமல் திறந்து, முதல் வாடிக்கையாளரை நான்கு நாள் காக்க வைத்தேன். இன்றும் அது உறுத்துகிறது.