கயிறு கட்டுவதற்கு முன்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கிறோம். அப்பா பல வருடமாகக் குடிக்கிறார். இப்போதெல்லாம் காலையில் ஒரு கட்டிங் போடாவிட்டால் கை நடுக்கம் நிற்பதில்லை. கேட்டால், “இந்தக் குளிருக்கு வேறென்ன செய்ய” என்கிறார். இனிக் குடிக்க மாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டிவிடலாம் என்கிறார் மாமா. அம்மா, தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மாத்திரையை விசாரித்து வைத்திருக்கிறார். எது சரி? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த மாத்திரையை அம்மா வாங்க வேண்டாம். அப்படிக் கலந்து கொடுப்பது பெரும்பாலும் டைசல்ஃபிரம். ஆல்கஹாலை உடல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றி, பிறகு அதையும் உடைத்துவிடும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது வேலையைத் தடுக்கிறது. குடித்ததும் முகம் சிவக்கும், வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். டாக்டர் பார்வையில், தெரிந்து சாப்பிடுபவர் குடிக்கப் பயப்படுவார். மாத்திரையின் பலனே அந்தப் பயம்தான். தெரியாமல் விழுங்கியவர் வழக்கம்போலக் கடைக்குப் போவார்.

கயிறு விஷயத்தில் மாமாவை நான் கிண்டல் செய்ய மாட்டேன். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கள் சாமிக்குப் பயந்து குடியை விட்டிருக்கிறார்கள். ஆனால் கயிறு கட்டினால் அன்றிலிருந்தே ஒரு சொட்டும் கூடாது. உங்கள் அப்பா நிலையில் ஆபத்து அங்கேதான். ஆல்கஹால் மூளையை அமுக்கி வைக்கும். வருடக்கணக்கில் அதை எதிர்த்து எதிர்த்து மூளை முறுக்கேறி நிற்கிறது. அமுக்கம் திடீரென்று விலகினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். காலை நடுக்கம் அதன் ஆரம்பம்தான். அடியோடு நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் சிலருக்குப் புத்தி பேதலித்து, சுவரில் இல்லாத பூச்சி ஊரும், யாரோ கூப்பிடும் குரல் கேட்கும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். நம் ஊரில் இதைச் சாமி குத்தம், காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது.

ஆஸ்பத்திரியில் அந்த முறுக்கைத் தணிக்கும் டயஸிபாம் போன்ற மாத்திரை கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் ஊசியும் போடுவார்கள். குடிப்பவர்களுக்கு இந்த வைட்டமின் குறைந்திருக்கும். அது தெரியாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் காய்ச்சல் என்று போனால்கூட, குடியை மறைக்காதீர்கள். மானம் போகிறதென்று மறைப்பவர்கள்தான் அதிகம்.

குளிர்? குடித்தால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்சூடு வெளியே போய்விடும். சூடாக இருப்பதுபோல் தோன்றும், உடம்போ குளிரும். இதைச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். மேட்டுப்பாளையம் வெயிலிலும்தான் குடிக்கிறார்கள், அவர்களுக்கு வேறு காரணம் இருக்கும்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். முதலில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். அதுவரை அவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். வலிப்போ உளறலோ வந்தால் உடனே 108. மாமாவையும் கூட்டிப் போங்கள், அப்பா அவர் பேச்சைக் கேட்பார் என்றால் நல்லதுதான். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு கயிறு கட்டட்டும்.